குளிர் அறையில் கூட்டம்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் கம்பெனி. அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். முதலாளி செந்தூர்க்கனி பெரிய ஓட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்தார். வந்த கையோடு உத்தரவு போட்டார். தன்னிடம் எதைச் சொல்வதானாலும் முதலில் நல்ல செய்தி, பிறகுதான் பிரச்சினை. 'உள்ளே வாங்க' என்று தான் கூப்பிடாமல், தான் இருக்கும் அறையின் கதவை யாரும் திறக்கக் கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

மேஸ்திரி சூசைக்கு இந்த உத்தரவு ரொம்பப் பிடித்திருந்தது. இதில் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

மறுநாள் முதலாளி மெல்லிய சட்டையோடு மீன் இருப்பைப் பார்க்கக் குளிர் அறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளேயிருந்து தட்டினார். திறக்கச் சொல்லிக் கத்தினார்.

சூசை ஓடிப்போய்க் கைப்பிடியில் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, திறக்கலையா?" என்றாள் இறால் உரிக்கும் லூர்தம்மாள்.

"திறக்கத்தான் சொல்லுதாரு. உள்ளே வாங்கன்னு கூப்பிடலையே."

மீன் வெட்டும் வேலாண்டிக்கும் அது நியாயமாகப் பட்டது. சரி, விஷயத்தையாவது முதலாளிக்குத் தெரிவிப்போம் என்று முடிவானது. ஆனால் முதலில் நல்ல செய்தி வேண்டுமே. இன்றைக்கு இறால் வரத்து அதிகம் என்று சூசை கதவோடு வாயை வைத்துச் சொன்னார். தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை லூர்தம்மாள் சொன்னாள்.

"எனக்கு விறைக்குதுல!" என்றார் முதலாளி.

"மெஷின் நல்லா ஓடுது. அதுவும் நல்ல செய்திதான்" என்றான் வேலாண்டி.

சூசை தொண்டையைச் செருமிக்கொண்டு பிரச்சினைக்கு வந்தார். "முதலாளி, நீங்க உள்ளே மாட்டிக்கிட்டீங்க."

உள்ளே பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்காத காரணத்தைச் சூசை பணிவாக விளக்கினார்.

"ஐயா சாமிகளா, உள்ளே வாங்க. எல்லாரும் உள்ளே வாங்க" என்றார் முதலாளி அழாத குறையாக.

சூசைக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து, எல்லாரையும் அழைத்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார். கடைசியாக வந்த வேலாண்டி, குளிர் வீணாகப் போகிறதே என்று கதவை இழுத்து இறுக்கிச் சாத்தினான்.

முதலாளி கதவைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"வெளியே யாருல இருக்கா?" என்றார் மெல்ல.

"கூப்பிட்டு வராத ஆளு ஒருத்தர் கிடையாது முதலாளி" என்றார் சூசை பெருமையாக. "தூங்கிக்கிட்டிருந்த வாட்ச்மேனைக்கூட எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டோம்."