ஒன்பது உருண்டையும் ஒரு அத்தையும்

ஒரே ஒரு ஊர்ல மயிலாத்தா மயிலாத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். சந்தையில தராசு பிடிச்சுப் புளி விக்கிறவ. அவ நிறுத்தா ஒரு சுளை கூடாது, ஒரு சுளை குறையாது. அவளுக்கும் பக்கத்து ஊரு நாச்சிமுத்துவுக்கும் கல்யாணம் நிச்சயமாச்சு. ரெண்டு பேருக்கும் அம்புட்டுப் பிரியம். ஆனா மாப்பிள்ளையோட அத்தை காத்தாயி இருக்காளே, அவளுக்கு வயிறு எரியுது. தன் பொண்ணைத்தான் அவனுக்குக் கட்டணும்னு காத்துக்கிட்டு இருந்தவ.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு தன் கையாலேயே ஒன்பது பொருவிளங்கா உருண்டை பிடிச்சு சீர்த்தட்டுல வைக்கணும். சூடா பாகு ஊத்திப் பிடிக்கிறது, ஆறிட்டா கல்லுதான். தாலி கட்டுறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையோட அத்தை அதுல ஒண்ணே ஒண்ணைக் கடிக்கணும். மத்த எட்டுல ஒண்ணு உடைஞ்சாலும் போச்சு, கல்யாணம் நின்னுடும். நம்ம மயிலாத்தா சும்மா இருப்பாளா? புளிக்காரி இல்லையா, மாவையே நிறுத்து நிறுத்துத்தான் பிடிச்சா. ஒன்பதும் ஒரே எடை.

அன்னிக்கு ராத்திரியே மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்து பொண்ணு வீட்டுல தங்கிட்டாங்க. விடிஞ்சு முகூர்த்த நேரமும் வந்துடுச்சு. பார்த்தா, சாமி முன்னாடி வச்சிருந்த தாலியைக் காணோம்! அரிசி மூட்டையில தேடினாங்க, இல்ல. பூக்கூடையில தேடினாங்க, இல்ல. மாட்டுத் தொட்டியில கூடத் தேடினாங்க, அங்கேயும் இல்ல.

"தாலியைக் காப்பாத்தத் தெரியாத வீட்டுலயா பொண்ணு எடுக்கிறது? எந்திரிடா நாச்சிமுத்து, ஊருக்குப் போவோம்!"னு குதிச்சா காத்தாயி.

மயிலாத்தாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. அழுத கண்ணைத் துடைக்கிறா, அப்போ பார்க்கிறா, அத்தையோட வளையல்ல பாகும் மாவும் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. அடுக்களைப் பக்கமே வராத அத்தைக்கு மாவு எப்படி வந்துச்சு? உருண்டை சூடா இருந்தப்பவே பிரிச்சு, உள்ள தாலியை வச்சு, மறுபடி உருட்டிட்டா திருட்டு அத்தை! ஆனா எந்த உருண்டை?

"என் தராசைக் கொண்டாங்க"ன்னா மயிலாத்தா.

"ஆத்தா, கயிறு நைஞ்சு கிடக்கே. ரெண்டு தடவைதான் தாங்கும். மூணாவது தடவை அறுந்து உருண்டையெல்லாம் சிதறிடும்"னாரு அவ அப்பா.

"ரெண்டு போதும்பா."

"உருண்டையை எதுக்குடி நிறுக்கிறே?"ன்னா காத்தாயி. இப்போ குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு, கவனிச்சீங்களா?

மயிலாத்தா ஒன்பதையும் மூணு மூணா மூணு கூறு வச்சா. இந்தத் தட்டுல மூணு, அந்தத் தட்டுல மூணு, மிச்சம் மூணு கீழே. தூக்கினா. முள்ளு அசையவே இல்ல, ரெண்டு தட்டும் சமம். அப்போ தங்கம் எங்கே? ஆமாடி என் கண்ணு, கீழே இருக்கிற மூணுலதான்!

அந்த ஆறையும் பத்திரமா தாம்பாளத்துல வச்சா. கீழே இருந்த மூணுல ஒண்ணை இந்தப் பக்கம் வச்சா, ஒண்ணை அந்தப் பக்கம் வச்சா, ஒண்ணை மடியில வச்சுக்கிட்டா. ரெண்டு தட்டும் சமமா நின்னா மடியில இருக்கிறதுதான் திருட்டு உருண்டை. தூக்கினா. வலது தட்டு சடக்குன்னு இறங்கிச்சு! ரெண்டு உருண்டையையும் கையில எடுத்தாளோ இல்லையோ, கயிறு பட்டுன்னு அறுந்துச்சு.

கனத்த உருண்டையை ரெண்டு கையாலயும் நீட்டினா. "கடிங்க அத்தை."

"எனக்குப் பல்லு வலிடி."

"கடிங்க அத்தை, வழக்கமாச்சே."

"அப்புறமாக் கடிக்கிறேன்டி."

நாச்சிமுத்து எந்திரிச்சு வந்தான். "கடிங்க அத்தை. நீங்க கடிச்சாத்தானே நான் தாலி கட்ட முடியும்?"

ஊரே பார்க்குது, என்ன செய்வா? கண்ணை மூடிக்கிட்டுக் கடிச்சா பாருங்க, கடக்! உருண்டை ரெண்டாப் பிளந்துச்சு. தாலி ஒரு பக்கம் விழுந்துச்சு, முன்பல்லு ரெண்டு இன்னொரு பக்கம் விழுந்துச்சு! பந்தலே சிரிச்சுது. நாச்சிமுத்து தாலியை அலம்பி, அதே முகூர்த்தத்துல கட்டினான். மயிலாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கல.

பந்தியில எல்லாரும் அப்பளத்தை நொறுக்கித் தின்னாங்க. காத்தாயி மட்டும் பாயசத்துல ஊறவச்சுச் சப்பினா. அடுத்தவங்க கல்யாணத்தைக் கெடுக்க நினைச்சா பல்லு போகும், தெரிஞ்சுதா? அவங்க பந்தி முடிஞ்சுது, நம்ம கதையும் முடிஞ்சுது, வாயைக் கொப்புளிச்சுட்டுப் படுங்க.