மூவாயிரம் லோடு பெட்டி

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கும் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் மலையப்பன், நடுவில் இடும்பன், கடைசி குழந்தைசாமி. மூணு பேரும் நல்லவர்கள். அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் மூளை விஷயத்தில்தான்.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, தேன்மொழி. சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்கு வீடியோ காலில் இன்டர்வியூ வைத்தது. "பத்தரையில இருந்து பதினொண்ணு வரைக்கும் யாரும் போனைத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னா எனக்கு நெட் வராது" என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

அண்ணன்கள் தொடவே இல்லை. பத்து இருபதுக்கே மூன்று போனிலும் சினிமாவைப் போட்டு, காலித் தக்காளிப் பெட்டியில் சாய்த்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். டிவியில் கிரிக்கெட்டும் நெட்டிலேயே ஓடியது. டிவியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

தேன்மொழி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து போனாள். கம்பெனிக்காரர்கள் நாலு நிமிஷம் அந்த வாயையே பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் வெள்ளிக்கிழமை இன்னொரு முறை பேசலாம் என்றார்கள். அதுதான் கடைசி.

தங்கச்சிப் பாப்பா அழுததை அண்ணன்களால் தாங்க முடியவில்லை. நேராகக் கடைக்குப் போய், எட்டுக் கொம்பு முளைத்த ஒரு ரூட்டரை வாங்கி வந்தார்கள். அட்டைப்பெட்டி மேல் பெரிதாக 3000 என்று போட்டிருந்தது. பழைய ரூட்டரைப் பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவின் நெட் லைனுக்கு ஆகட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

மாட்ட வந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, உங்க லைன்ல வர்ற வேகமே முப்பது. இது மூவாயிரம் தாங்கும். பெரிய லாரியில ஒரு பெட்டி தக்காளி ஏத்தின மாதிரி. சினிமா பாக்க, வீடியோ கால் பேச பழசே போதும்ணே."

மண்டிக்காரனிடம் போய் இப்படியா சொல்வது?

"லாரி காலியா ஓடுதாம்டா" என்றார் மலையப்பன், எழவு வீட்டுக் குரலில்.

"நம்ம மண்டியில இருந்து ஒரு வண்டி காலியாப் போயிருக்காண்ணே இதுவரைக்கும்?" என்றான் இடும்பன்.

"மூவாயிரத்துல முப்பது போனா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது" என்றான் குழந்தைசாமி. "வீட்டுக்கு முப்பதுன்னு வெச்சாலும் தொண்ணூத்தொம்பது வீட்டு லோடு வேணும்."

கணக்கு சரிதான். அதுதான் கடுப்பு.

"நம்ம தெருவுல நாப்பது வீடு தேறாதே?"

"மீதியைப் பின் தெருவுல பிடிப்போம்."

தேன்மொழி கும்பிடாத குறையாகச் சொன்னாள். "அண்ணே, லோடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அரை மணி நேரம் மூணு பேரும் எங்கயாவது வெளிய போங்க. போதும்."

"உனக்கு இன்டர்வியூ நடக்கும்போது நாங்க ஊர் சுத்துறதா? அவ்வளவு கல்நெஞ்சக்காரங்களா பாப்பா நாங்க?" மலையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தெருவே வீட்டுக்குள் இருந்தது. ஓசி நெட் என்றால் வராமல் இருப்பார்களா? ரெஜினா அக்கா குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். லோடு ஏறுவதைப் பார்க்க, பூண்டு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து அதன் மேல் ரூட்டரை வைத்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். இடும்பன் நடுக்கூடத்தில் நின்று கத்தினான். "எல்லாரும் போனை இணைச்சு ஆளுக்கொரு வீடியோ போடுங்க! உங்க வீட்டு வேகம் எல்லாம் இதுல இறங்கட்டும்!"

பத்து முப்பத்தொன்றுக்குத் தேன்மொழி மறுபடி உறைந்தாள். இந்த முறை ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து.

"லோடு பத்தல!" என்று அலறினார் மலையப்பன். குழந்தைசாமி பின் தெருவுக்கு ஓடினான்.

தேன்மொழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்து, திறந்து கிடந்த ரெஜினா அக்கா வீட்டுக்குள் போனாள். ஈ, காக்கா இல்லை. மூலையில் அவர்களுடைய பழைய ரூட்டர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் பேசினாள். ஒரு முறைகூடத் திக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருந்தே வேலை.

அண்ணன்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஆனால் தராசைப் பார்த்தால் அதே அறுநூற்றுப் பன்னிரண்டு.

"இத்தனை பேர் இறக்கியும் ஒரு கிராம் ஏறலையே?"

"இறக்கினவங்களே போகும்போது திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே."

அடுத்து வேலை விஷயம். "வீட்டுல இருந்தே வேலைன்னா எந்த வீடு?" என்று ராத்திரிச் சாப்பாடு ஆறும்வரை யோசித்தார்கள். வேலை கிடைத்தது ரெஜினா வீட்டில். அப்படியென்றால் அந்த வீட்டில் இருந்துதான் செய்ய வேண்டும். அதுவும் அன்றைக்கு மாதிரி ஆளில்லாமல் இருக்க வேண்டும். தேன்மொழி உடனே தலையாட்டிவிட்டாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை.

இப்போது ரெஜினா அக்கா குடும்பம் தினமும் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை அண்ணன்கள் வீட்டில்தான். தராசு மேல் ரூட்டர் அப்படியே இருக்கிறது. காலையும் மாலையும் எடை பார்க்கிறார்கள்.

நேற்று ஒன்பது கிராம் கூடியிருந்தது. சூட்டுக்கு இதமாக ஒரு பல்லி ரூட்டர் மேல் படுத்திருந்தது. ரெஜினா அக்கா விளக்குமாற்றை ஓங்கினார். மலையப்பன் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார்.

"அடிச்சிராதீங்கம்மா! இப்பத்தான் லோடு ஏற ஆரம்பிச்சிருக்கு!"