கூத்தனுக்குக் கொடுத்த மண்டலம்

முன்னொரு காலத்தில், சேவல் கூவாத கோட்டை ஒன்று இருந்தது. மன்னர் உதயசேனரின் உறக்கம் கெடுகிறது என்று கோட்டைச் சுவருக்குள் இருந்த சேவல்களை எல்லாம் பிடித்து அறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் பொழுது யாருக்கும் சொல்லாமலே விடிந்தது.

காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஐப்பசி அடைமழையில் பட்டத்தரசி நங்கைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள் இல்லை. அதன் பிறகு மன்னர் பள்ளியறைச் சாளரங்களுக்குக் கறுப்புத் திரை போடச் சொன்னார். பகல் முழுவதும் படுக்கை. விழித்த நேரமெல்லாம் நெய்யில் மிதக்கும் பலகாரம். மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. கணுக்கால் இரண்டும் வீங்கிப் பானை போல ஆயின. உதயம் என்பது பெயரில் மட்டும் மிஞ்சியது.

அரண்மனை மருத்துவர் செம்பன் நாடி பிடித்துப் பார்த்தார். "அரசே, என் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் தங்கள் கால்களும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்" என்றார். சொன்னது அவ்வளவுதான். அன்று மாலை அவர் சிறையில் இருந்தார்.

மறுநாள் மன்னர் பள்ளியறையிலேயே சபையைக் கூட்டினார். இருட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது.

"எமக்கு ஒரு மருந்து வேண்டும். அது கசக்கக் கூடாது. அதற்காக எம் வழக்கம் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டோம். எழு, நட, உண்ணாதே என்று எவன் சொல்கிறானோ அவனுக்கு நாக்கு இராது. எம்மைத் தேற்றுபவனுக்கு ஒரு மண்டலம் கொடுப்போம்."

நாற்பது ஐம்பது ஊர்கள் சேர்ந்த பகுதியை அந்நாட்டில் மண்டலம் என்பார்கள். அவ்வளவு பெரிய பரிசு கிடைக்கும் என்று தெரிந்தும் ஒருவரும் முன்வரவில்லை.

அமைச்சர் திருமேனியார் மட்டும் இருமினார். மன்னர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவரை அதிகம் சிரிக்க வைத்தவன் விகடகவி கூத்தன். அந்தச் சிரிப்பில் பாதி அமைச்சரின் தொந்தியைப் பற்றியது. அதைத் திருமேனியார் மறக்கவே இல்லை.

"மன்னா, நம் கூத்தன் இருக்கிறாரே. சிறையில் இருக்கும் செம்பனின் தங்கை கணவரும் அவரே. மைத்துனர் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரட்டும். தேற்றினால் மண்டலம். தேற்றாவிட்டால் இருவர் தலையும் போகட்டும்."

மன்னர் கண்ணைத் திறக்காமலே, "ஆகட்டும்" என்றார்.

கூத்தன் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு சிறைக்குப் போனான். செம்பன் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நீயும் வந்து மாட்டிக்கிட்டியா, மாப்பிள்ளை?"

"நானா வந்தேன்? அமைச்சரு கையைப் பிடிச்சு அழைச்சுட்டு வந்து விட்டாரு. உங்க தங்கச்சி அடுப்பு மூட்டாம உட்கார்ந்திருக்கா, மச்சான். அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? மன்னருக்கு என்ன மருந்து கொடுக்கலாம், அதைச் சொல்லுங்க."

"மருந்து கிடக்கட்டும். விடிஞ்சதும் எழுந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலு அடி நடந்து, இருட்டினா தூங்கினாப் போதும். ஒரு மண்டலம் அப்படி இருந்தார்னா உடம்பு தானா திரும்பும். ஆனா அதைச் சொன்னா நாக்கு போயிடும்."

"எவ்வளவு நாளுன்னு சொன்னீங்க?"

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். வைத்தியத்துல அதுதானே கணக்கு?"

கூத்தன் அந்தச் சொல்லை வெற்றிலை போல வாயில் போட்டு மென்றபடி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சபையில், "அரசே, பரிசை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டுகிறேன்" என்றான்.

"வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம் என்ற எண்ணமோ?" என்றார் திருமேனியார்.

"மண்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுமளவுக்கு எனக்குத் தோள் இல்லை, அமைச்சரே. சோற்றுப் பானையைச் சுமக்கும் வயிறுதான் சிலருக்குப் பெரிதாக இருக்கிறது."

முன்பானால் மன்னர் சிரித்திருப்பார். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "கொடுத்தோம்" என்றார்.

கோபத்தில் ஓலையை அமைச்சரே எழுதினார். 'கூத்தனுக்கு ஒரு மண்டலம் கொடுத்தோம். அதைக் கொடுத்து முடித்த மறுநாள் மன்னர் தேறியிராவிட்டால் கூத்தன், செம்பன் இருவர் தலையும் போகும்.' கொடுப்பது ஒரு நாள் வேலை, தலை போவது இரண்டாம் நாள் வேலை என்று அவர் நினைத்தார். மன்னர் முத்திரை வைத்தார்.

அடுத்த நாள் கிழக்கு வெளுக்கும் நேரம். கூத்தன் பள்ளியறைக்குள் நுழைந்து கறுப்புத் திரைகளைக் கழற்றினான். மன்னர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"எவன் அது?"

"என் மண்டலத்துக்கு வந்திருக்கிறேன், அரசே."

"உன் மண்டலம் இங்கே எங்கே இருக்கிறது?"

"எந்த மண்டலம் என்று ஓலையில் எழுதவில்லை. மருத்துவத்துக்காகக் கொடுத்த மண்டலம். மருத்துவத்தில் மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். ஆகவே தங்களுடைய நாட்களில் நாற்பத்தெட்டு இன்று முதல் எனக்குச் சொந்தம்."

அமைச்சரை அழைத்து ஓலையைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு முறை படித்தும் அதில் எழுதாதது எழுதாததாகவே இருந்தது.

"எழு என்றோ நட என்றோ சொன்னாயானால் நாக்கு போகும்" என்றார் மன்னர்.

"ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் என் மண்டலத்தில் சோறு நடக்கும்."

அப்படியே நடந்தது. முதல் நாள் வரகுக் கஞ்சியும் கீரையும் கட்டிலிலிருந்து பத்தடி தள்ளி வைக்கப்பட்டன. மறுநாள் இருபதடி. பசித்தவர் எழுந்துதானே ஆக வேண்டும்? மன்னர் கூத்தனையும் அவன் குலத்தையும் திட்டிக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்தார். விளக்குக்கு எண்ணெய் முதல் சாமம் வரைக்கும்தான் ஊற்றப்பட்டது. அது அணைந்தபின் செய்வதற்கு உறக்கத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. விளக்கு இருக்கும்போது பக்கத்தில் ஓர் ஓலை நறுக்கும் எழுத்தாணியும் கிடந்தன. எதற்கு என்று மன்னர் கேட்டார்.

"அரசியாருக்கு ஒரு வரி. என் மண்டலத்தில் ஓலைத் தூது உண்டு" என்றான் கூத்தன்.

மன்னர் ஓலையைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் நாள் எடுத்து எழுதினார். 'இன்றும் நீ இல்லை.' பத்து நாள் வரை அதே வரிதான்.

இருபதாம் நாள் சோறு நந்தவனத்துக்குப் போயிருந்தது. அங்கே அரசி நட்ட பவழமல்லி பாதி காய்ந்து நின்றது. அது விடியலில் உதிரும் பூ. வெயில் ஏறி எழுபவர்களுக்கு அது பூத்ததே தெரியாது. மன்னர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். அன்றைய ஓலை: 'மூன்று பூ. தண்ணீர் ஊற்றினேன்.'

வீக்கம் வடியத் தொடங்கியது. திருமேனியாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எதிர்பார்த்த நாள் முப்பத்தொன்றாம் நாளாக வந்தது. அரசி இறந்து ஓர் ஆண்டு முடிந்த நாள்.

அன்று மழை பெய்தது. மன்னர் தாமே கறுப்புத் திரையை இழுத்துக் கட்டினார். கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பொழுது சாயும் வரை கட்டிலில் அசைவில்லை.

திருமேனியார் காவலர் இருவரோடு வந்தார். "மன்னா, ஒரு நாள் விட்டால் மண்டலம் முறிந்தது. இது மருத்துவர்களே சொல்லும் விதி. முறிந்த பிறகு காத்திருப்பானேன்? இருவரையும் கொலைக்களத்துக்கு அனுப்ப உத்தரவு வேண்டும்."

இருட்டிலிருந்து மன்னரின் குரல் வந்தது. "ஆமாம். முறிந்துவிட்டது. எல்லாமே முறிந்துவிட்டது, கூத்தா."

காவலன் கூத்தனின் தோளைப் பிடித்தான்.

"அமைச்சர் சொன்ன விதி சரி. மண்டலம் முறிந்தது" என்றான் கூத்தன். "முறிந்த மண்டலத்தை எந்த மருத்துவரும் மண்டலம் என்று சொல்வதில்லை. அப்படியானால் எனக்கு மன்னர் இன்னும் ஒரு மண்டலமும் கொடுக்கவில்லை. கொடுத்து முடித்த மறுநாள்தான் தலை போகும் என்று அமைச்சரே தம் கையால் எழுதியிருக்கிறார். ஆகவே நாளை ஒன்றாம் நாள். மறுபடி நாற்பத்தெட்டு."

திருமேனியார் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்துப் பார்த்தார். அவருடைய எழுத்துதான்.

"அப்படியென்றால், யாம் படுத்தால் உனக்கு ஆதாயமா?" என்றது இருட்டு.

"படுக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குப் புதிதாக நாற்பத்தெட்டு, அரசே. இப்படியே படுத்திருங்கள். தங்கள் ஆயுள் முழுவதும் என் மண்டலம் ஆகிவிடும். பிறகு வரகுக் கஞ்சியிலிருந்து தங்களுக்கு மோட்சமே கிடையாது."

கட்டிலில் ஏதோ குலுங்கியது. அழுகிறார் என்று காவலர்கள் நினைத்தார்கள். மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓராண்டாகப் புழங்காத சிரிப்பு, துருப்பிடித்த தாழ்ப்பாள் போலக் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகத்தான் முடிந்தது. அழுது முடித்துவிட்டு ஆறிய கஞ்சியைக் கேட்டார். அது முந்நூறடி தள்ளி, நந்தவன மண்டபத்தில் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே போய்க் குடித்தார்.

இரண்டாவது மண்டலம் முறியவில்லை.

அது முடிந்த மறுநாள் விடியலில் கூத்தன் வந்தபோது திரைகள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. மன்னர் குளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்று என் நாள் இல்லையே, அரசே" என்றான் கூத்தன்.

"இல்லை. எம் நாள்."

அன்றே செம்பனைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். வெளிச்சம் தாங்காமல் அவர் கண்ணைச் சுருக்கினார். மன்னர் தாமே அவர் கையைப் பிடித்து ஆசனத்தில் அமர்த்தினார். பிறகு கூத்தனைப் பார்த்து, "இப்போது உண்மையான மண்டலம் ஒன்றைக் கேள். நாற்பது ஊர்" என்றார்.

"ஒன்றைக் கொடுத்தீர்கள், முறிந்தது. இன்னொன்றும் வாங்கிவிட்டேன். ஒரு சேவல் போதும், அரசே. என் மனைவிக்கு எப்போது அடுப்பு மூட்டுவது என்று தெரியவில்லை."

மன்னர் தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தனுக்குப் போர்த்தினார். கோட்டைக்குள் இனி யாரும் சேவல் வளர்க்கலாம் என்று பறை அறையச் சொன்னார். பிறகு திரும்பி, "அமைச்சர் திருமேனியாருக்கும் ஒரு மண்டலம் கொடுத்தோம்" என்றார்.

திருமேனியாரின் முகம் மலர்ந்தது. "எந்த மண்டலம், மன்னா?"

"அதை யாம் ஓலையில் எழுதவில்லை. நாளை விடியலில் சேவல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குளக்கரைக்கு வாரும். நம்மோடு நடக்கலாம்."

சபை சிரித்தது. மன்னரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அன்று விளக்கு அணையும் முன் அவர் எழுதிய ஓலையில் வழக்கத்தைவிட இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

'இன்று நன்றாகச் சிரித்தேன். நீயும் சிரிக்கிறாயா என்று பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன். காலையில் எழுந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.'