வைகுந்தம் சாரின் பெட்டி

செல்போனைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்த காலம் அது. தூத்துக்குடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் அப்படி நடந்தவர் துறைத்தலைவர் வைகுந்தம்.

மாணவர்கள் கடலுக்கடியில் போகும் ரோபோ ஒன்று செய்திருந்தார்கள். அதன் மின்சுற்றுகளை வைக்கும் தண்ணீர் புகாத பெட்டி மட்டும் சாரின் கைவண்ணம். வெறும் பெட்டியை முதலில் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிடலாம் என்று அந்த மாணவர்களில் ஒருத்தியான மெல்டா வாரம் முழுக்கக் கெஞ்சினாள்.

"என் டிசைன் மேலயே சந்தேகமா? டெஸ்டெல்லாம் கிடையாது. ஆனா உள்ள ஒரு சொட்டு போச்சுன்னா, மூடினவ நீதான், பொறுப்பும் நீதான்!"

ரோபோவைக் கல்லூரித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் காட்டும் விழா நாள் வந்தது. தொட்டிக்கரையில் சூடம் காட்டியாயிற்று. சிறப்பு விருந்தினர் முன்னால் மெல்டா பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"சார், முதல் முழுக்கு. உங்க கைராசிக்கு உங்க செல்போனும் உள்ள இருக்கட்டும். தண்ணிக்குள்ளேருந்து மணி அடிச்சா எல்லாரும் அசந்துருவாங்க."

"அடடே, நானே கூப்பிடுறேன்! நம்பர் சொல்லுங்க" என்றார் விருந்தினர்.

வைகுந்தத்தின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

"எதுக்கும்... ஒரு தடவை வெறும் பெட்டியா இறக்கிப் பாத்துருவோம்மா."

இறக்கினார்கள். குமிழி குமிழியாய் வந்தது. தூக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. ரோபோ பிழைத்தது, மெல்டாவும் பிழைத்தாள்.

இன்றும் அந்த ரோபோ செய்த கூட்டாளிகள் சந்தித்தால் பேச்சு அந்தப் பெட்டியில்தான் வந்து நிற்கும். ஓய்வுபெறும்வரை சார் அதைப் பேனா போட மேஜைமேல் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைக்க மட்டும் யாரையும் விட்டதில்லை.