காற்றுக்கு இடம் விட்ட சுவர்

அந்தக் காலத்தில் காற்றுக்குப் பேச்சு இருந்தது. மனிதர்கள் கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகும்.

கிழக்குக் கடலில் ஒரு தீவு. அதன் நடுவில் இருந்த மலை எப்போதோ நெருப்பைக் கக்கி ஓய்ந்தது. அந்த நெருப்புக் குழம்பு ஆறிப்போய்த் தீவெங்கும் கறுத்த கல்லாகக் கிடந்தது. கல்லெல்லாம் பொத்தல். எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அதனால் நெல் கிடையாது, தினையும் ஆரஞ்சும்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும், கோடை முடிவில் தெற்கிலிருந்தும் காற்று வரும்.

வடக்கே ஓர் அரசன், தெற்கே ஓர் அரசன். தீவு தன்னுடையது என்று இருவரும் சொன்னார்கள். தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. வடக்கரசனின் கை ஓங்கியிருந்ததால், ஆண்டுதோறும் அவனுடைய கப்பல் வந்து குதிரைகளையும் உலர்த்திய சிப்பிக் கறியையும் ஆரஞ்சையும் ஏற்றிக்கொண்டு போகும். இந்த மக்கள் தெற்கரசனோடு சேர்ந்துவிடுவார்களோ என்று அவனுக்கு எப்போதும் சந்தேகம். தன் முத்திரை பதித்த மரப்பலகை இல்லாமல் யாரும் தீவை விட்டுப் போகக் கூடாது என்று ஆணை போட்டிருந்தான்.

அந்தத் தீவின் ஒரு கடலோர ஊரில் ஓக்சுன் என்ற பெண் இருந்தாள். அவளும் அவள் அக்கா மால்சுனும் மூச்சடக்கிக் கடலுக்குள் போய்ச் சிப்பி எடுப்பவர்கள். நீரோட்டம் திரும்பப் போகிறதென்றால் காற்று முன்கூட்டியே சொல்லிவிடும். இருவரும் கரையேறிவிடுவார்கள்.

ஓர் ஆண்டு புயல் ஆரஞ்சில் பாதியை உதிர்த்துவிட்டது. மிச்சத்தையும் கொடுத்துவிட்டால் குளிர்காலத்தில் பண்டமாற்றுக்கு எதுவும் இருக்காது. ஊர்த் தலைவர் கோ மான்சிக் எல்லாரையும் கலந்து, நாற்பது கூடைப் பழங்களை மலையடிவாரக் குகையில் மறைத்து வைத்தார். கப்பல் வந்தது. அதில் வந்த அதிகாரி வீடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் குகைக்கு நடந்தான். கூடைகளை எடுத்துக்கொண்டு, சுமந்து வைத்தவர்களுக்குச் சவுக்கடியும் கொடுத்துவிட்டுப் போனான்.

யார் சொன்னது? அந்தக் குளிர்காலம் முழுவதும் கடற்பாசியைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஊர் இதையே யோசித்தது. கப்பல்காரர்களுக்கு ஓக்சுன் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தேன் என்றார் ஒருவர். அதன்பின் அக்கா தங்கை இருவருக்கும் அடுப்பு நெருப்புக் கொடுக்க அண்டை வீட்டார் தயங்கினார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகும் நிலை வந்தபோது மான்சிக் எழுந்தார்.

"குகை வாசலில் அன்று நம்மைத் தவிர இருந்தது காற்று ஒன்றுதான்" என்றார்.

ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதைவிடக் காற்றைச் சந்தேகிப்பது எல்லாருக்கும் எளிதாக இருந்தது. காற்றைக் கேட்டார்கள். பழ வாசனை என்மேல் ஒட்டியிருக்கலாம், ஆனால் ஒரு வார்த்தையும் நான் கொண்டுபோகவில்லை என்றது அது. யாரும் நம்பவில்லை.

மான்சிக்கின் யோசனைப்படி ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் கறுப்புக் கல் சுவர் எழுந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிமண்ணும் பாசியும் திணித்து, ஊசி நுழையும் இடமும் இல்லாமல் அடைத்தார்கள். மான்சிக் வீட்டுச் சுவர்தான் எல்லாவற்றிலும் உயரம். மக்கள் வாசலைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

இப்போது காற்றுக்குச் சந்தேகம் வந்தது. சுவர் சுவராகப் போய் உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டது. பதில் இல்லை. எனக்கு எதிராகத்தான் ஏதோ செய்கிறார்கள் என்று அது முடிவு கட்டியது.

வசந்தம் வந்து, ஒரு காலையில் அக்காவும் தங்கையும் கடலில் இறங்கினார்கள். காற்று அசைவில்லாமல் இருந்தது. நீரோட்டம் திடீரென்று திரும்பியது. ஓக்சுன் பாறையைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். மால்சுன் மேலே வரவேயில்லை.

மூன்றாம் நாள் ஓக்சுன் தனியாகக் கடற்கரைக்குப் போய்க் காற்றைக் கூப்பிட்டாள்.

"நீரோட்டம் திரும்புவது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"என் பேச்சு வேண்டாமென்றுதானே சுவரில் மண்ணை அடைத்தீர்கள்" என்றது காற்று.

ஓக்சுன் அழவில்லை. வீட்டுக்குப் போனாள். சிப்பி பெயர்க்கும் இரும்பை எடுத்துத் தன் சுவரிலிருந்த களிமண்ணை முழுவதும் சுரண்டிக் கொட்டினாள். கற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளியோடு நின்றன. உள்ளே இருந்த தினைப் பானையும் அக்கா கழற்றி வைத்துப் போன உடையும் வெளியிலிருந்தே தெரிந்தன. காற்று நுழைந்து பார்த்துவிட்டுப் போனது.

கூட்டாளிக்கு வழி திறந்துவிட்டாள் பார் என்று ஊர் பேசியது. மான்சிக் வாசலில் வந்து நின்று, அறுவடைக்குள் அடைக்காவிட்டால் ஊரை விட்டு விலக்கிவிடுவோம் என்று சொல்லிப் போனார். அவள் அடைக்கவில்லை.

கோடை முடிவில் தெற்கிலிருந்து புயல் வந்தது. ஒரு பகல் முழுவதும் அடித்தது. அடைத்த சுவர்கள் காற்றை நெஞ்சில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஓக்சுனின் சுவர் வழியாகக் காற்று ஊடுருவிப் போய்விட்டதால் அது மட்டும் நின்றது.

புயல் ஓய்ந்ததும் மான்சிக் வீட்டுக் கற்களை அகற்ற எல்லாரும் போனார்கள். சுவரின் உள்மாடத்தில் வைத்திருந்த ஒரு மரப்பலகை கல்லோடு கல்லாக விழுந்து கிடந்தது. அதில் வடக்கரசனின் சிவப்பு முத்திரை. கீழே மான்சிக், அவர் மனைவி, பிள்ளைகள் என்று குடும்பத்தார் எல்லாரின் பெயர்களும்.

"என் பிள்ளைகளாவது இந்தத் தீவை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்" என்றார் மான்சிக்.

ஓக்சுன் பலகையை எடுத்துத் தன் அடுப்பில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. மான்சிக்கை அடிக்கவும் இல்லை. அவர் சுவரைத் திரும்பக் கட்டும்போது ஒரு கை கொடுக்கவும் ஆளில்லை. கடைசிவரை அவர் அந்த ஊரிலேயேதான் இருந்தார்.

ஊர் முழுவதும் கடற்கரையில் கூடிக் காற்றிடம் மன்னிப்புக் கேட்டது. ஓக்சுன் மட்டும் ஒன்று கேட்டாள்: "அவர் செய்தது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா?"

அவளால் ஆமென்று சொல்ல முடியவில்லை. காற்று மலைப்பக்கம் திரும்பிப் போனது. அதற்குப்பின் அது பேசவேயில்லை.

அந்தத் தீவுக்காரர்கள் கறுப்புக் கல்லை மண் பூசாமல் இடைவெளி விட்டே அடுக்கத் தொடங்கியது அன்று முதல்தான். அந்த இடைவெளிகளில் காற்று வார்த்தையில்லாமல் ஊதிப் போகும்போதெல்லாம், எதைச் சொல்லாமல் போகிறது என்று வேலையை நிறுத்திக் காது கொடுப்பதும் அன்று முதல்தான்.