கீரி வாங்கிய சிவப்பு ஷூ

மலையடிக் காட்டில் சிங்காரம் என்ற கீரி இருந்தது. மேடு பள்ளத்தில் சைக்கிள் ஓட்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை.

ஒருநாள் அது முள்ளம்பன்றி வேலம்மாளின் ஷூ கடைக்குப் போனது. வேலம்மாள் தன் முள்ளையே ஊசியாக்கித் தோல் தைக்கும். அது இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தது.

முதல் ஜோடி பளபளக்கும் சிவப்பு. அடிப்பாகம் பலகை போல விறைத்திருந்தது. அதில் ஓர் இரும்புக் கொக்கி துருத்திக்கொண்டு நின்றது. மிதித்தால் பெடலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது மண் நிறம். அதிலும் கொக்கி உண்டு. ஆனால் அது தடித்த ரப்பர் அடியில் ஒரு குழிக்குள் அடங்கி இருந்தது. சுற்றிலும் தரையைப் பிடிக்க ரப்பர்ப் பற்கள்.

"மண் நிறத்தை எடுத்துக்கோ தம்பி. மிதிக்கவும் ஆகும், இறங்கி நடக்கவும் ஆகும்."

"நடக்கவா? நான் என்ன ஆமையா அக்கா? சிவப்பைக் கொடுங்க!"

"சரி, வாசல்ல நாலு எட்டு நடந்து பார்த்துட்டாவது வாங்கு!"

கீரி நடக்கவில்லை. சிவப்பு ஷூவோடு சைக்கிளில் ஏறிக் கடையை மூன்று சுற்றுச் சுற்றியது. "பறக்குது அக்கா!" என்று கத்திக்கொண்டே போய்விட்டது.

வழியில் கௌதாரி சிட்டம்மா பதறிக்கொண்டு வந்தது. அதன் கூடு, மேலே வழுக்குப்பாறைக்கு அப்பால், ஓடையோரப் புல்லில் இருந்தது.

"தம்பி, மேகம் கறுக்குது! ஓடை ஏறினா என் நாலு முட்டையும் போயிடும். உன் வண்டிக் கூடையில வச்சு மேட்டுக்குக் கொண்டுபோய் விடுறியா?"

மரத்திலிருந்த காக்கை சிரித்தது. "கீரிகிட்ட முட்டையா! உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இந்தக் கீரி சொன்னா சொன்னதுதான்! நீ உன் வேலையைப் பாரு!" என்றது சிட்டம்மா.

சிங்காரத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதுவரை எந்தப் பறவையும் அதைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. "நீங்க முன்னால பறங்க அக்கா! மழைக்கு முன்னால அங்க நிப்பேன்!"

வழுக்குப்பாறை வரை கீரி சைக்கிளில் பறந்துதான் போனது. அந்தப் பாறையில் யாராலும் ஓட்ட முடியாது. நூறு எட்டு, இறங்கி நடக்கத்தான் வேண்டும். தூறல் தொடங்கியிருந்தது.

கீரி இறங்கிக் காலை வைத்தது. இரும்பு வழுக்கியது. விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஷூவைக் கழற்றப் பார்த்தது. நனைந்த வார் இறுகிப்போய் அசையவில்லை.

"தம்பி! தண்ணி வந்துடுச்சு!" மேலிருந்து குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேன் அக்கா!"

கண்ணுக்கு எட்டிய தூரம்தான். கால்தான் எட்டவில்லை. கடைசியில் பல்லால் கடித்துக் கடித்து வாரை அறுத்தது. வெறுங்காலோடு ஓடியது.

சிறகுக்கு அடியில் ஒரே ஒரு முட்டையை அணைத்தபடி சிட்டம்மா தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. கீரி அதை வாங்கிப் பத்திரமாக மேட்டில் வைத்தது.

"ஒண்ணாவது இருக்கே," என்றது சிட்டம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கீரிக்கு.

மறுநாள் காக்கை காடெல்லாம் சொல்லித் திரிந்தது: "மூணு முட்டையையும் கீரி முழுங்கிடுச்சு!"

"இல்லை, வெள்ளம்தான்!" என்று மரம் மரமாகப் போய்ச் சொன்னது சிட்டம்மா. 'நான் தின்னலை' என்று சொல்லக் கீரிக்கு நாக்கு எழவில்லை.

சில நாள் கழித்து அது மீண்டும் கடைக்குப் போனது. மண் நிற ஜோடியைப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாசலில் நாலு எட்டு நடந்தது.

"எப்படி இருக்கு தம்பி?" என்றது வேலம்மாள்.

"நல்லா நடக்க வருது அக்கா," என்றது கீரி, நிமிராமலே.

வழியில் நமக்குப் பிடித்த பாதிக்கு மட்டும் ஆயத்தமாகிப் போனால், மீதிப் பாதியில் நம்மை நம்பியவர்களுக்குத்தான் இழப்பு.