கல்தச்சன் கூலியும் பொக்கிஷத் தலைவரின் தட்டும்

வெகுகாலத்துக்கு முன்னால் மலையமங்கலம் என்ற நாட்டைக் கடம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன கட்டளை போடுவார் என்று அவருக்கே தெரியாது. காலையில் குளம் வெட்டச் சொல்வார், மாலையில் அதையே மூடச் சொல்வார். அவர் மனம் போகும் திசையைப் பார்த்து வண்டியை ஓட்டுகிறவர் அமைச்சர் செங்கோடன். ராஜா எதற்கெடுத்தாலும் செங்கோடனைக் கூப்பிடுவதைக் கண்டு வயிறெரிகிறவர் பொக்கிஷத் தலைவர் விருபாட்சர்.

ஒருநாள் கடலோரத்துச் சங்குத்துறை நாட்டிலிருந்து கயல்வாணர் என்ற தூதர் சபைக்கு வந்திருந்தார். ராஜா தாம் கட்டும் புதிய கோபுரத்தைக் காட்டிப் பெருமையடித்தார். தூதர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அழகு, மகாராஜா! இங்கே கல்தச்சருக்கு என்ன கூலி?" என்றார்.

"நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வேலை" என்றார் விருபாட்சர்.

தூதர் திகைத்துப்போனார். "ஒன்றா? எங்கள் நாட்டில் ஆறு காசு. வெயில் தாழும் முன்பே உளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களே!"

ராஜா வாய் பிளந்தபடி விருபாட்சரைப் பார்த்தார்.

"பிரபு, ஏமாற வேண்டாம்!" என்று விருபாட்சர் எழுந்தார். "அங்கே அரிசி, பருப்பு, துணி எல்லாமே இங்கே இருப்பதைவிட இரட்டை விலை. ஆறு காசு வாங்கி என்ன பயன்? நம் ஆட்களுக்கு ஒரு காசே அதிகம். சோம்பேறிகள்! நேற்றுகூட ஒருவன் எல்லை தாண்ட ஓடிப் பிடிபட்டிருக்கிறான்."

பெரியாண்டி என்ற அந்தக் கல்தச்சனைக் காவலர்கள் கையைக் கட்டி இழுத்துவந்தார்கள். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கோபுரம் பாதியில் நிற்கிறது, நீ ஓடுகிறாயா? ஐம்பது கசையடி! இனி எல்லாரும் விளக்கு வைத்த பிறகும் வேலை செய்யட்டும்!"

செங்கோடன் முன்னே வந்தார். "மகாராஜா, அடியை ஒருநாள் தள்ளி வையுங்கள். இவன் ஓடியதால் நமக்கு ஒருநாள் வேலை நஷ்டம். முதலில் அதை வசூலிப்போம்."

"யாரிடம்?"

"ஒரு காசே அதிகம் என்று சொன்னவரிடம். நாளைக்கு ஒருநாள் பொக்கிஷத் தலைவர் இவனுக்குப் பதிலாகக் கல் உடைக்கட்டும். அந்தக் கூலியில் வாங்கியதைத்தான் அவர் சாப்பிட வேண்டும். தூதரும் சம்மதித்தால், அவர் நாட்டு நேரப்படி பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கியது. "பலே! அப்படியே ஆகட்டும்!" தூதரும் சம்மதித்தார். விருபாட்சருக்கு மட்டும் முகம் வெளுத்தது.

மறுநாள் விடியலில் அரண்மனை முற்றத்தில் கல் உடைபட ஆரம்பித்தது. ராஜா வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உச்சிப்பொழுதுக்குள் விருபாட்சரின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தண்ணீர் கேட்டார், உட்கார இடம் கேட்டார், கடைசியில் கடவுளைக் கேட்டார். வெயில் தாழ்ந்ததும் தூதர் உளியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். விருபாட்சர் மட்டும் இருட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் எப்போதோ ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

விளக்கு வைத்ததும் இரண்டு தட்டுகள் வந்தன. தூதரின் தட்டில் சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஓரத்தில் மிச்சச் சில்லறை. விருபாட்சரின் தட்டில் கேழ்வரகுக் களி, உப்பு, ஒரு வெங்காயம்.

"இது மோசடி!" என்று கத்தினார் விருபாட்சர். "அந்த ஊர் விலையில் வாங்கவில்லை!"

"நீங்கள் சொன்ன கணக்குத்தான் ஐயா" என்றார் செங்கோடன். "ஆறு காசில் ஒன்று வீட்டு வாடகைக்குப் போய்விடும் என்று தூதரே சொன்னார். மிச்சம் ஐந்து. அங்கே இரட்டை விலை என்றீர்கள். அதனால் நம் கடைத்தெருவில் இரண்டரைக் காசுக்குத்தான் வாங்கச் சொன்னேன்."

விருபாட்சர் பசி தாங்காமல் களியில் கை வைக்கப் போனார்.

செங்கோடன் அந்தக் கையைப் பிடித்தார். "பொறுங்கள். பெரியாண்டிக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. நாலு பங்கு வையுங்கள். உங்கள் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்."

விருபாட்சர் களியைக் கிள்ளி நாலாக வைத்தார். அவர் பங்கு உள்ளங்கைக்குள் அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ராஜா எழுந்து, ஓரத்தில் கட்டி நிறுத்தியிருந்த பெரியாண்டியிடம் போனார். "பெரியாண்டி, தினமும் இதுதானா?"

"வேலை இருக்கிற நாளில் இதுதான், சாமி" என்றான் அவன்.

ராஜா அவன் கைக்கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "கூலி மூன்று காசு. வெயில் தாழ்ந்தால் வேலை முடிந்தது. விருபாட்சரே, இனி கல் உடைக்கும் இடத்தில் நின்று நீர்தான் கூலி கொடுக்க வேண்டும், ஒவ்வொருவன் கையையும் பார்த்துக் கொடும்." செங்கோடனுக்குத் தம் கழுத்து முத்துமாலையைப் போட்டார்.

அடுத்த நாள் வெயில் தாழ்ந்ததும் கோபுரத்தடியில் வேலை முடிந்ததற்கான மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. உளியும் கையுமாக அப்படியே திகைத்து நின்றார்கள். மெதுவாக ஒருவர் தலைப்பாகையைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

செங்கோடன் ஓடிவந்து, "ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

முதலில் தலைப்பாகையைக் கழற்றியவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொழுதிருக்கும்போதே மணி அடிக்கிறதே, ஐயா. அரண்மனையில் யார் செத்துப்போனது?"

மேலே உப்பரிகையில் நின்ற ராஜாவின் காதில் அது விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.